நாற்பத்தேழில் இருந்தவன்

நாற்பத்தேழு என்று எண்ணைக் கொடுத்தாள் தமிழ்வாணி. திரையில் செல்வக்குமார் என்று பெயர் வந்தது. அந்த எண்ணில் இப்போது கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. செல்வக்குமாரும் கிடையாது, செத்து ஐந்து மாதம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. மதுரை பைபாஸ் ஓரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சர்வர் அறை. மேலே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க, இங்கே ஏசியின் ஈரக் குளிரும், சூடேறிய வயரின் வாடையும், இருபது மின்விசிறிகள் சேர்ந்து இரைகிற ஓயாத சத்தமும். லேப் ரிப்போர்ட் திறக்க அரை நிமிஷம் ஆகிறது என்று டாக்டர்கள் சத்தம் போட்டதால் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குள் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று சொல்கிற டி.என்.எஸ். சர்வரில் இரண்டு பட்டியல் உண்டு. ஒன்று பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும், மற்றது எண்ணைக் கேட்டால் பெயரைச் சொல்லும். இரண்டாவது கெட்டுக் கிடந்தது. மேசைப் போன்கள்கூட அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவது யார் என்று திரையில் காட்டும். இதை இன்று சரிசெய்துவிட்டால் நாளைக் காலை நிரந்தர வேலைக்கான ஆர்டர் கைக்கு வரும். ஏழு வருஷம் காண்ட்ராக்டில் நாய்படாத பாடு பட்டதற்கு அது ஒன்றுதான் மிச்சம்.

கூட வேலை பார்த்த செல்வக்குமாரை முதல் பட்டியலில் இருந்து அழித்தது அவளேதான். இரண்டாவதில் விட்டுவிட்டாள். எல்லோரும் விடுவதுதான். இப்போது அழித்தாள், மறுபடி கேட்டாள். நாற்பத்தேழில் ஒன்றும் இல்லை.

பட்டியல் சுத்தமாகிவிட்டதா என்று அடுத்த எண்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். ஐம்பத்திரண்டில் செல்வக்குமார் என்று வந்தது.

கொஞ்ச நேரத்துக்கு முன் அது காலியாகத்தான் இருந்தது. அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

அடித்தளத்து எண்கள் சுவரில் இருக்கிற சாக்கெட்டுகளின் வரிசைப்படி போகும். நாற்பது மாடிப்படி அடியில், வாட்ச்மேன் மேசைப் போன். அறுபது இந்த அறைக்குள், அவள் முன்னால் இருக்கிற போன். ஐம்பத்திரண்டு தாழ்வாரத்தின் பாதி. யாரோ நடந்து வருகிற கணக்கில் இருந்தது அது. சே, என்று தன்னையே திட்டிக்கொண்டு அதையும் அழித்தாள்.

இன்று அவள் உள்ளே வரும்போது வாட்ச்மேன் தங்கப்பாண்டி ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"பேரு போட வேணாம் தாயி. ஞாயித்துக்கிழமை வந்தா மாத்து லீவு குடுக்கணும்னு ஆபீஸ்ல வைவாங்க."

"தெரியும்ணே."

நன்றாகவே தெரியும். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. செல்வக்குமார் பெயரும் ரிஜிஸ்டரில் இல்லை. தீயணைக்கிற வாயு சிலிண்டர் கசிந்து, கார்டு கதவு உள்ளிருந்து திறக்காமல் போனபோது, அவன் இந்தப் போனை எடுத்து முதல் மாடியில் இருந்த அவளைக் கூப்பிட்டான். அப்போது இந்தப் போனும் அவன் பெயரில்தான் இருந்தது, அவள் போன் திரையில் அவன் பெயர் வந்தது. தக்காளிச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேலையைத் தலையில் கட்டப் போகிறான் என்று எரிச்சல். மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

சாயங்காலம் கதவை உடைத்தது தங்கப்பாண்டிதான். அன்று அவன் வேலைக்கே வரவில்லை, திருட்டுத்தனமாய் உள்ளே புகுந்தான் என்று ஆபீஸ் எழுதிய தாளில் அவரும் கையெழுத்துப் போட்டார், அவளும் போட்டாள். வாடிப்பட்டியில் இருந்து வந்த அவன் மனைவி திவ்யா அழவில்லை. "அவரு ஒரு போனு கூடவா பண்ணல?" என்று மட்டும் கேட்டாள். "இல்லக்கா" என்றாள் தமிழ்வாணி. அந்தப் பொய்க்குத்தான் நாளைக்கு ஆர்டர்.

ஐம்பத்தேழைக் கேட்டாள். செல்வக்குமார்.

ஐம்பத்தொன்பது, கதவை ஒட்டிய சாக்கெட். செல்வக்குமார்.

போதும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். எழுந்து கதவில் கார்டைத் தேய்த்தாள். சிவப்பு. துடைத்துவிட்டுத் தேய்த்தாள். சிவப்பு. மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், குக்கரில் நீராவி கசிகிற மாதிரி, சிலிண்டர் மூலையில் இருந்து. மொபைலில் சிக்னல் இல்லை. இந்த அறையில் எப்போதும் இருந்ததில்லை.

மேசைக்கு வந்து இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேன் எண்ணை அழுத்தினாள். கதவுக்கு அப்பால், தாழ்வாரத்தின் கோடியில் மணி அடிப்பது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. தங்கப்பாண்டி அங்கேதான் இருந்தார். எடுங்கண்ணே.

எடுக்கவில்லை.

கண் கம்ப்யூட்டர் திரைக்குப் போனது. அவள் எதையும் கேட்கவில்லை, அதுவாகவே ஒரு வரி வந்திருந்தது. அறுபது, செல்வக்குமார்.

அங்கே அவர் மேசையில் எந்தப் பெயர் மின்னிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அண்ணே, நான் தமிழ்வாணி. நான்தாண்ணே." கதவு தடிமன். குரல் போகவில்லை. தாழ்வாரத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. செருப்புச் சத்தம் படியேறி ஓடியது. மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

தொண்டை எரிந்தது. அறை மங்கியது.

கதவை யாரோ உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தார்கள். முதலில் மெதுவாக. பிறகு பலமாக. உள்ளே இருந்து.

அவள் கை இரண்டும் போனில்தான் இருந்தன.