குதிரைப் பார் மணியும் நாலு பிளேடு புரொப்பெல்லரும்

“இதையா மாட்டிட்டுப் போவப் போற? நீ குதிரைப் பாருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது அடைஞ்சிரும்!”

ரொமால்டு நாலு பிளேடு வைத்த பழைய அலுமினியப் புரொப்பெல்லரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். ஜெனோவாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தூத்துக்குடிக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலாக்காரர்களைச் சின்ன ஃபைபர் படகில் ஏற்றி ஒரு ரவுண்டு அடித்துக் காட்டுகிறவள் அவள். படகு அவளுடையது, மோட்டார் அவளுடையது. ஆனால் மோட்டாரைப் பற்றி ரொமால்டு ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மறுவார்த்தை கிடையாது. ஒன்றாம் வகுப்பில் பலகாரத்தைப் பங்கு போட்டுத் தின்றதிலிருந்து கூடவே வருகிறவன். இப்போது படகு மெக்கானிக். பாதி நாள் சாப்பாடே அவள் வீட்டில்தான்!

“அப்ப எதை மாட்டணும்?”

“இந்தா, மூணு பிளேடு. பிட்ச் பதினஞ்சு. ஒன்னோடது பதினொண்ணு.”

ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு எத்தனை அங்குலம் முன்னால் போகும் என்பதுதான் பிட்ச். பதினைந்து அங்குலம் போகிறது பதினொன்று போவதைவிட வேகம்தானே? அவர்களுக்கு வேகம் வேண்டும். மதியத்துக்கு மேல் கச்சான் காற்று மேற்கிலிருந்து எழும்பிவிடும். திரும்பி வரும்போது அதை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

“ஓட்டிப் பாத்துருவோம்” என்றான் நெய்னா. காயல்பட்டினத்துக்காரன். கடலடியில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் வேலை. மூவரில் முக்குளிப்பவன் இவன்தான்.

“பாரம் ஏத்தியா ஓட்டணும்?” என்று கேட்டாள் ஜெனோவா.

“ஏட்டி, நீ தண்டல் மவதானே? வெள்ளோட்டத்துக்குப் பாரம் ஏத்துவாவளா?” என்றான் ரொமால்டு.

அது உண்மைதான். தோணி ஓட்டிய குடும்பங்களில் சிலவற்றில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகோ, பழைய படகில் புதுச் சாமானோ, முதல் ஓட்டத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் ஏறுவார். பாரம் ஏற்றினால் விளங்காது என்பார்கள். ஜெனோவா தனியாக ஏறினாள். படகு பறந்தது! மீட்டர் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. கரைக்கு வந்தவள் ரொமால்டின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“பழசை என்ன செய்ய?”

“எடைக்குப் போட்டுருதேன். நீ பாரத்தைக் கொறைச்சுக்க” என்று அவன் அதை வாங்கித் தன் பைக்கில் மாட்டிக்கொண்டான். அவளும் சந்தோஷமாகக் கொடுத்தாள். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது யார் சொன்னாலும் அவனுக்காக அவள் சண்டைக்குப் போயிருப்பாள்.

அவர்கள் தேடிப் போனது ஒரு மணியை. சந்தியாகப்பர் கோயிலுக்காகக் கொழும்பில் வார்த்த வெண்கல மணி. ஜெனோவாவின் அப்பா இன்னாசி அந்த மணியை ஏற்றி வந்த தோணியின் தண்டல். தோணியில் தண்டல் என்றால் கேப்டன். குதிரைப் பாரில், அதாவது கடலுக்குள் குதிரை முதுகு மாதிரி எழும்பி நிற்கிற பாறைத் திட்டில், தோணி மோதி உடைந்தது. ஆட்கள் பிழைத்தார்கள், மணி போயிற்று. ஆனால் ஊர்க் கூட்டத்தில் தோணியாள் தொம்மை எழுந்து, “மணி தோணியில ஏறவே இல்ல. கொழும்புலயே வித்துட்டு, தோணிய வேணும்னு கொண்டு மோதுனாரு” என்று கோயில் படியில் அடித்துச் சத்தியம் செய்தான். முங்கிப் பார்த்தவர்களுக்கும் மணல்தான் கிடைத்தது. அன்றோடு இன்னாசி கடல் பக்கம் திரும்பவில்லை. உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். மணித் திருடன் மகள் என்ற பெயரோடுதான் ஜெனோவா வளர்ந்தாள்.

போன புயல் அந்த மணலைப் புரட்டிவிட்டது. கணக்கெடுக்கப் போன நெய்னா, குதிரைப் பாரின் அடியில் தோணியின் விலாக்கட்டைகளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். தொம்மை யாருடைய அப்பா என்று கேட்கிறீர்களா? ரொமால்டுடைய அப்பாதான். “அவன் வேண்டாம் ஜெனோ” என்று நெய்னா அப்போதே சொன்னான். “அப்பன் செஞ்சதுக்கு அவன் என்ன பண்ணுவான்?” என்று அவள் அவன் வாயை அடைத்துவிட்டாள்.

புறப்படுகிற காலையில் ரொமால்டுக்குக் காய்ச்சல்! “நீங்க போங்க. நான் வந்தா பாரம்தானே?” என்று போனில் முனகினான். ஜெனோவா அவனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே மோட்டாரைக் கிளப்பினாள்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. துறைமுகத்துப் புகைபோக்கியும் தீவின் விளக்குக் கம்பமும் எந்த இடத்தில் ஒன்றாகச் சேருகின்றனவோ அங்கே நங்கூரம் போட்டார்கள். நெய்னா குதித்தான். முதல் முங்கலில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தவன், வாய்க் குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

“இருக்கு ஜெனோ! பாதி மணல்ல, பாதி வெளிய! சத்தியமா இருக்கு!”

ஜெனோவா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, அப்பா” என்று மட்டும் சொன்னாள்.

மணியில் கயிறு கட்டி, காற்றுப் பைகளை ஊதி மேலே மிதக்கவிட்டு, பாரின் மேலுள்ள இடுப்பளவு தண்ணீருக்கு இழுத்து வந்தார்கள். படகைச் சாய்த்துப் பலகை போட்டு உருட்டினார்கள். பலகை முறிந்தது. வேறு பலகை! நெய்னாவின் முழங்கை கிழிந்தது. மணி சரிந்து படகுக்குள் விழுந்தபோது படகே முனகியது. இரண்டு தடியான ஆட்களை உட்கார வைத்தது மாதிரி பாரம்.

“கச்சான் எழும்பிட்டு பாரு. விரட்டு!” என்றான் நெய்னா.

ஜெனோவா மோட்டார் பிடியைத் திருகினாள். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீரில் புதைந்தது. மீட்டர் முள் பாதியிலேயே நின்று நடுங்கியது. மோட்டார் இருமியது, கரும்புகை கக்கியது. எதிர்க்காற்றில் படகு ஆமையாய் நகர்ந்து, அலையில் இரண்டு வாளித் தண்ணீரை வாங்கிக்கொண்டது. சூடு ஏறிவிட்டது என்று மோட்டார் கீச்சிட ஆரம்பித்தது! வேறு வழியில்லை. பாருக்கே திரும்பி வந்து நங்கூரம் போட்டார்கள்.

“நேத்து அந்தப் பறப்புப் பறந்துச்சே!” என்றாள்.

“நேத்து காலிப் படகு” என்றான் நெய்னா மெதுவாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிட்ச் கூடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் மோட்டார் அவ்வளவு கூடுதலாகத் தள்ள வேண்டும். காலிப் படகைத் தள்ளிவிடும். பாரம் ஏறினால் மூச்சு வாங்கும். பாரப் படகுக்கு வேண்டியது குறைந்த பிட்ச், நாலு பிளேடு. எடைக்குப் போகக் கொடுத்தாளே, அதுதான்! இது ரொமால்டுக்குத் தெரியாதா? தெரியாமல்தான் சொல்லியிருப்பான், பாவம், என்று அந்த நேரத்திலும் அவள் மனது அவனுக்காக வாதாடியது.

சொல்லிவைத்தது போல ஒரு படகு அவர்களை நோக்கி வந்தது. ரொமால்டு!

“மனசு கேக்கல, மாத்திரையப் போட்டுட்டு வந்துட்டேன்!” என்று கையாட்டினான். ஜெனோவாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இவனைப் போல் யார் உண்டு?

“எம்படகு இழுக்கல லே!”

“பாத்தேன், பாத்தேன். மணிய எம்படகுல மாத்து. நான் கொண்டாறேன். நீங்க காலியாப் பின்னாடி வாங்க.”

பாறை தட்டாமல் இருக்க அவன் தன் மோட்டாரை மேலே மடக்கினான். புரொப்பெல்லர் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

நாலு பிளேடு. அதில் ஒரு பிளேடின் நுனி பிறை மாதிரி தேய்ந்திருந்தது. போன வருஷம் பாறையில் அடிபட்டுப் பிசிறிய நுனியை ஜெனோவாவே அரம் போட்டுத் தேய்த்திருந்தாள். அதைத் தேய்க்கும்போது புரொப்பெல்லரைப் பிடித்துக்கொண்டவன் ரொமால்டு.

எடைக்குப் போகாமல் இவனிடமே இருந்திருக்கிறது. மணி கிடைத்தால் அவள் படகு இழுக்காது என்பது தெரிந்தே கொடுத்திருக்கிறான். மணியை இழுக்கிற புரொப்பெல்லரைத் தான் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மணி அவன் படகில் ஏறினால் கரைக்குப் போகாது. நடுவில் ஆழத்துக்குப் போகும்.

கத்தினால் காரியம் கெட்டுவிடும். அவள் பின்பக்கம் குனிந்தாள். நங்கூரக் கயிற்றைச் சரிபார்க்க நெய்னா தண்ணீரில்தான் நின்றான். ஸ்பேனரையும் குறடையும் சத்தமில்லாமல் அவன் கையில் வைத்தாள்.

“அவன் மோட்டார்ல இருக்கது நம்ம புரொப்பெல்லர். கழட்டு.”

நெய்னா முங்கிவிட்டான்.

“ஏலே, இங்க ஏறி வா. ஒத்தையா என்னால உருட்ட முடியாது” என்று கூப்பிட்டாள் ஜெனோவா. ரொமால்டு தாவி ஏறி மணியின் கட்டை அவிழ்க்கக் குனிந்தான்.

“நெய்னா எங்க?”

“கீழ நங்கூரத்த எடுக்கான்.” அவள் மணியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். “ரொமால்டு, ஒண்ணு கேக்கேன். வெள்ளோட்டத்துக்குப் பாரம் ஏத்தக் கூடாதுன்னு எதுக்கு எங்கிட்டச் சொன்ன?”

“ஒங்க வீட்டு வழக்கந்தானட்டி...”

“எங்க வீட்டு வழக்கத்தை வச்சே என்னைக் கவுத்துட்டியே!”

அவன் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தான், பொய் சொல்ல முயன்றான், முடியவில்லை.

“ஒங்கப்பா பேரு ஏற்கெனவே போயிட்டு ஜெனோ. பழகிட்டாரு. இந்த மணி கரைக்கு வந்தா எங்கப்பாவ ஊரே காறித் துப்பும். அன்னைக்குச் சுக்கானப் பிடிச்சிட்டுத் தூங்குனது அவருதான். எங்கிட்டச் சொல்லிட்டாரு. நான் என்ன செய்ய?”

“எப்ப சொன்னாரு?”

“ரொம்ப நாளாச்சு.”

“ரொம்ப நாளாத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேயா எங்க வீட்டுல ஒக்காந்து, எங்கப்பா பக்கத்துல ஒக்காந்து, சோறு தின்ன?”

ரொமால்டு அழுதான். அழுதுகொண்டே தோளைக் கொடுத்து மணியை உந்தினான்.

“தள்ளுலே!” என்று கத்தினாள் அவள். “இடுப்பளவு தண்ணி. மறுபடி எடுப்பேன். எத்தனை தடவ தள்ளுனாலும் எடுப்பேன்!”

“நம்ம பொருள் நம்மகிட்ட வந்துட்டு!” என்று குரல் கேட்டது. நெய்னா நாலு பிளேடைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். ரொமால்டின் மோட்டாரில் வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ரொமால்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

இருவரும் வேலையைப் பார்த்தார்கள். பூட்டுப் பின்னை உருவி, நட்டைத் திருகி, மூன்று பிளேடைக் கழற்றி, நாலு பிளேடைச் சொருகி, நட்டை இறுக்கி, புதுப் பின்னை வளைத்தார்கள். ஒரு சாமானும் தண்ணீரில் விழவில்லை.

கழற்றிய மூன்று பிளேடை அவள் ரொமால்டின் மடியில் வைத்தாள்.

“என்ன ஜெனோ செய்யுத? கெடக்கட்டும் இங்கயே!” என்று குதித்தான் நெய்னா.

“கச்சான் அடிக்குது. ஒருத்தனக் கடல்ல விட்டுட்டு வந்தேன்னு தெரிஞ்சா எங்கப்பா மணியக் கண்ணால பாக்க மாட்டாரு.” ரொமால்டைப் பார்க்காமலே சொன்னாள்: “ஒம்படகு காலிதானே. ஒனக்கு இதுதான் சரியான புரொப்பெல்லர். மாட்டிட்டுப் போ.”

நாலு பிளேடு வேகம் காட்டவில்லை. ஆனால் மீட்டர் முள் தடங்கலில்லாமல் ஏறியது, மூக்கு மெல்ல இறங்கியது, படகு அலையை மிதித்துக்கொண்டு மேற்கே நடந்தது. நெய்னா முன்னால் மண்டியிட்டுத் தண்ணீரை வாரி வாரி இறைத்தான். பாதி வழியில் ரொமால்டின் காலிப் படகு அவர்களைக் கடந்து பறந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் ஊரே கூடியிருந்தது! சிக்னல் கிடைத்ததும் நெய்னா போனில் கத்தியிருந்தான். யாரோ இன்னாசியை உப்பளத்திலிருந்து பைக்கில் தூக்கி வந்திருந்தார்கள். காலில் உப்பு வெள்ளை வெள்ளையாய் அப்பியிருக்க, அவர் தண்ணீருக்குள் இறங்கி வந்தார். மணியில் பொறித்த எழுத்துகளை விரலால் தடவினார். சந்தியாகப்பர் பெயர், ஊர்ப் பெயர், வருஷம். கூட்டத்தில் ஒருவர், “தண்டல், எங்கள மன்னிக்கணும்” என்றார். பிறகு பலரும் சொன்னார்கள். தொம்மை எப்போது நழுவினான் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்னாசி மகள் பக்கம் திரும்பினார்.

“ரொமால்டு எங்க மக்ளே? அவனும் வந்தாம்லா?”

அவள் நடந்ததைச் சொன்னாள்.

“அவன் அவங்கப்பனுக்காகச் செஞ்சிருக்கான்” என்றார் இன்னாசி.

“நானும் எங்கப்பாவுக்காகத்தான் செஞ்சேன். யாரையாவது ஏமாத்தியா செஞ்சேன்?”

இன்னாசி உப்புக் கையால் மகளின் தலையைத் தடவினார்.

அதற்குப் பிறகு ஜெனோவா எந்தப் புரொப்பெல்லரை வாங்கினாலும், அன்றைக்குத் தூக்க வேண்டிய பாரத்தை ஏற்றி, எதிர்க்காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். மற்றவர்களுக்கும் அதையே சொன்னாள். வழக்கத்தை மீறுகிறாள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்!

மணியைக் கோபுரத்தில் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை, கயிற்றை முதலில் இன்னாசியே இழுத்தார். ஊர் முழுக்கக் கேட்டது. பூசை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ரொமால்டு நின்றுகொண்டிருந்தான், ஆள் பாதியாகியிருந்தான்.

“ஜெனோ, ஒரே ஒரு வார்த்தை...”

“இன்னைக்கு வேண்டாம்லே” என்றாள் ஜெனோவா. “ஒன்னப் பாத்தா எனக்கு இன்னும் சிரிப்புதான் வருது, பழைய மாதிரியே. அதுதான் தாங்க முடியல.”

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள்.