ஞாயிறுதோறும் நகரும் கட்டில்

போன் அலறியது.

டிவியில் ஃபுட்பால் கடைசிக் கட்டத்தில் இருந்தது. சார்ஜென்ட் ஸ்டான் வோய்ட்கோ எரிச்சலோடு எடுத்தான்.

"லூத்தரன் சர்ச்சுல காணாமப் போன வெள்ளித் தட்டு... மேப்பிள் தெரு சர்ச்சுல இருக்கு. டானெல் பிக்கெட் கட்டில்ல."

கம்மிய குரல். யாரென்று கேட்பதற்குள் கட்.

ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் சபைகள் ஒன்றுகூடி, வீடில்லாத குடும்பங்களுக்கு முறை வைத்து இடம் கொடுத்துவந்தன. ஒரு சர்ச்சில் ஒரு வாரம்; போன வாரம் லூத்தரன் சர்ச், இந்த வாரம் மேப்பிள் தெரு. ஞாயிறு காலை மடக்குக் கட்டில்கள் லாரியில் அடுத்த சர்ச்சுக்குப் போய்விடும். சாயங்காலம் குடும்பங்கள் வேனில் வந்து சேரும்.

ஸ்டான் போய்ச் சேர்ந்தபோது, வேனும் அப்போதுதான் வந்து நின்றது.

டானெல் இறங்கினாள். கையில் ஒரு குப்பைப் பை நிறைய துணி. பின்னால் ஆறு வயது மகள் மைசி.

விஷயத்தைச் சொன்னதும் டானெலின் முகம் வெளுத்தது.

"சார்... நான் எடுக்கல. கேஸ்னு வந்தா பிள்ளையைப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க சார்."

"அழாத கண்ணு," என்று அவளைத் தோளோடு அணைத்தாள் லோரெய்ன் ஹாஃபர். அந்தச் சர்ச்சின் தொண்டர் தலைவி. சுத்தமான ஏப்ரன், சர்க்கரைச் சிரிப்பு. "ஆபீஸர், கேஸெல்லாம் வேண்டாமே. நாங்க ஜெபம் பண்ணிக்கிறோம். ஆனா பாஸ்டர்... இனிமே இவங்களை இங்க எப்படித் தங்க வைக்கிறது?"

அந்தச் சர்ச்சின் பாஸ்டர் ஆலன், தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரூமைக் காட்டுங்க," என்றான் ஸ்டான்.

லோரெய்ன் ஏப்ரனிலிருந்து சாவியை எடுத்தாள். "நான்தான் பூட்டி வச்சிருந்தேன்."

ஞாயிறு பள்ளி வகுப்பறை. மூன்று கட்டில்கள். ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு. சூரியகாந்திப் பூ போட்ட விரிப்புகள், ஒரு சுருக்கம் இல்லாமல்.

"அழகா விரிச்சிருக்கீங்க."

"நானேதான் விரிச்சேன். மதியம், தனியா. ஒவ்வொரு சர்ச்சுக்கும் விரிப்பு வேற. பழசை அந்தந்தச் சர்ச்சுக்காரங்களே உருவிட்டுத் துவைக்கப் போடுவாங்க. கட்டில் வெறும் மெத்தையோடதான் வரும்."

ஸ்டான் டானெலின் விரிப்பைத் தூக்கினான்.

மெத்தை மேல் பளபளத்தது... வெள்ளித் தட்டு.

மைசி அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா," என்று பெருமூச்சு விட்டாள் லோரெய்ன். "மனசு எவ்வளவு வலிக்குது."

"எனக்கும் ஒரு சந்தேகம் வலிக்குது, மேடம். வெறும் மெத்தை வந்துச்சு. நீங்க விரிச்சீங்க. பூட்டினீங்க. இந்தப் பொண்ணு இப்பதான் வேன்லேர்ந்து இறங்கினா. தட்டு விரிப்புக்குக் கீழ எப்படிப் போச்சு?"

சர்க்கரைச் சிரிப்பு உறைந்தது.

"லோரெய்ன்..." பாஸ்டர் நிமிர்ந்தார். "நேத்து கட்டிலெல்லாம் பார்க்கணும்னு லூத்தரன் சர்ச்சுக்கு நீங்கதானே போனீங்க?"

"போனேன். அதுக்கென்ன?" லோரெய்ன் சீறினாள். சர்க்கரையும் இல்லை, போனில் கேட்ட கம்மலும் இல்லை; இது அசல் குரல். "வர்ற சனிக்கிழமை இந்த ரூம்ல என் பேத்திக்குப் பிறந்தநாள். இதுங்க புரண்ட இடத்துல நின்னு அவ கேக் வெட்டணுமா?"

ஒரு கேக்குக்காக ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கப் பார்த்திருக்கிறாள்.

பாஸ்டர் மைசியின் முன் மண்டியிட்டார். "இந்தக் கட்டில் உன்னோடதுதாம்மா. பசிக்குதா?"

மைசி தலையாட்டினாள்.

ஸ்டான் விலங்கை எடுத்தான்.

"என்னை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"பயப்படாதீங்க மேடம். அங்கேயும் கட்டில் இருக்கு, போர்வை இருக்கு, சாப்பாடும் அவங்களே போட்டுடுவாங்க. இங்க இல்லாத ஒரு வசதியும் உண்டு... ஞாயித்துக்கிழமை ஆனா இடத்தைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."