சுவருக்கு அந்தப் பக்கம் பௌர்ணமி

நிரோஷா சட்டி மூடியைப் போட்ட சத்தத்திலேயே அன்றைய காலை எப்படிப் போகும் என்று ஜீவராணிக்குத் தெரிந்துவிட்டது.

றக்வானைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு காம்பரா, ஒற்றை அறைதான். மூத்த மருமகள் ஜீவராணி ஒன்றில், இளையவள் நிரோஷா மற்றதில். அடுப்படி மட்டும் பொது. ஒருத்தி ரொட்டி தட்டினால் மற்றவள் சம்பல் அரைக்க வேண்டும். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாமல் மேலே ஒரு முழம் திறந்தே கிடந்தது. இரண்டு வருடமாக ஜீவராணியின் நிம்மதி அந்த ஒரு முழ இடைவெளி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னைக்கு நான் ஒன்னு கேக்கப்போறேன். அத்தை முன்னாலயே கேக்கப்போறேன். மனசுல வச்சிக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"கேளு. யாரு ஒன் வாயப் பொத்துனது..."

மாமியார் கருப்பாயி வாசற்படியில் பிளேன்டியோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மகன்களும் உள்ளே இருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பதே அதிசயம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

தோட்டத்துச் சம்பளத்தை நம்பிப் பிரயோசனமில்லை என்று அண்ணன் தம்பி இரண்டு பேரும் தங்காலைக்குப் போய் அஸீஸ் முதலாளியின் மீன்பிடிப் படகுகளில் சேர்ந்திருந்தார்கள். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒரே படகில் ஏறக்கூடாது என்பது கடல்காரர் வழக்கம். அதைக் கேட்ட நாளிலிருந்து கருப்பாயி அதைப் பிடித்துக்கொண்டாள். ஆகவே பெரியவன் இந்திரகுமார் பெரிய போட்டில், சின்னவன் சுதர்சன் சின்ன போட்டில்.

சின்ன போட் கரையை விட்டு அதிக தூரம் போகாது. கடலில் விளக்கைத் தொங்கவிட்டு, வெளிச்சத்துக்கு வரும் மீனை அள்ளும். இருட்டு இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். நிலா காய்ந்தால் கடல் முழுக்க வெளிச்சம், அப்போது இவர்கள் விளக்கை எந்த மீன் மதிக்கும்? அதனால் பௌர்ணமியை ஒட்டி சுதர்சன் வீட்டுக்கு வந்துவிடுவான். பெரிய போட்டுக்கு இது தலைகீழ். நிலா வெளிச்சத்தில்தான் பெரிய மீன்கள் மேலே வரும் என்று, கரையே தெரியாத தூரத்துக்குப் போய்த் தூண்டில் போடுவார்கள். நிலா வளரும்போது கிளம்பினால் தேய்ந்து முடியும்போதுதான் திரும்புவார்கள்.

ஆக, பௌர்ணமி நிரோஷாவுக்கு, அமாவாசை ஜீவராணிக்கு.

இதில் யாருக்கு லாபம் என்று கேட்கவே தேவையில்லை. பௌர்ணமி என்றால் போயா லீவு. காலையில் பேர் பதியப் பெரட்டுக்கு ஓட வேண்டியதில்லை, மலையேறி கொழுந்து பறிக்கிற வேலை இல்லை, புருஷனோடு வாசலில் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசலாம். அமாவாசைக்கு வருகிற இந்திரகுமாருக்கு என்ன கிடைக்கும்? மனைவி மலைக்குப் போன காம்பராவும், செத்துப்போன அப்பாவுக்காக மரக்கறி மட்டும் சமைக்கிற அடுப்பும். கடலிலிருந்து வருகிற மனிதனுக்குப் பூசணிக்காய்.

நிலாவைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? ஜீவராணி பட்டாள். கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது மலைக்கு மேல் பிறை தெரிந்தால், "வந்துட்டியா..." என்று முணுமுணுப்பாள். அது பருக்கப் பருக்க அவள் முகம் சிறுக்கும். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சுதர்சனின் குரல் வரும். நிரோஷா சிரிப்பாள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. அக்காவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அடக்கிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் ஜீவராணியால் தாங்க முடியவில்லை.

இந்த முறை காற்று எல்லாவற்றையும் குழப்பியிருந்தது. கடலில் வாரகன் காலம், தென்மேற்குக் காற்று ஒரு வாரமாக அடித்துத் தள்ளியது. இரண்டு போட்டும் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. நேற்று அஸீஸ் முதலாளி போன் பண்ணியிருந்தார். காற்று இறங்கிவிட்டது, நிலாவும் வளர்கிறது, இன்னும் மூன்று நாளில் தண்ணீர் ஏறியதும் பெரிய போட் வெளிக்கிடும்.

"இந்த வாட்டி பெரிய போட்டுல எங்க வீட்டுக்காரர் போகட்டும்," என்றாள் நிரோஷா.

உள்ளே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த சுதர்சனின் கை அப்படியே நின்றது.

"முதலாளிகிட்ட நானே கேட்டுட்டேன். யாரு வந்தாலும் சரிதான்னுட்டாரு. எப்பவும் நீங்களே பெரிய போட்ட வச்சிக்கணும்னு சட்டமா அக்கா? லயத்துல என்ன சொல்றாங்கன்னு தெரியுமா... ஒங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போறவரு, எங்க வீட்டுக்காரர் கரையோரத்துல வெளக்குக் கட்டுறவராம். அத்தையும் அப்படித்தான். பெரியவர் கருவாடு கொண்டாந்தா ஊருக்கே காட்டுறாங்க. எங்களுதுன்னா அடுப்புக்குப் பின்னால போகுது..."

"என்னய ஏண்டி இழுக்குற," என்றாள் கருப்பாயி. "அவனும் ஆம்பளதானே. போறதுன்னா போகட்டும்."

இந்திரகுமார் மனைவியைப் பார்த்தான். நீ சொல்கிறபடி என்று சொல்கிற பார்வை அது.

அவளுக்குத்தான் அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு பெரிய போட்டில் இருந்தவன் சுதர்சன். ஒரு பயணத்தில் காற்றில் மாட்டி, அலை போட்டுக்கு மேலாலேயே போய், நாலு பக்கமும் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாமல் கிடந்து திரும்பினான். அதற்குப் பிறகு கரை மறைந்தாலே அவனுக்கு மூச்சடைத்தது. கயிற்றை எடுத்துத் தன்னையே கம்பத்தில் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். நிரோஷாவைப் பேசி முடித்திருந்த நேரம் அது. "அண்ணி, இனிமே அதுல போனா நான் திரும்பி வரமாட்டேன். பயந்துட்டேன்னு தெரிஞ்சா பொண்ணு வீட்டுல சிரிப்பாங்க..." என்று காலைப் பிடித்தான். அன்றைக்கே அவள் புருஷனிடம் சொல்லிவிட்டாள். சின்ன போட்டைத் தம்பிக்குக் கொடுங்க, நீங்க பெரிய போட்டுல ஏறுங்க. காரணம் யாருக்கும் தெரிய வேண்டாம்.

தன் வாயால் தன் பௌர்ணமியைக் கொடுத்தவள் அவள்தான். கொடுத்துவிட்டு வயிறெரிந்தவளும் அவள்தான்.

இப்போது அதே பௌர்ணமி தானாகத் திரும்பி வருகிறது. அதுவும் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாப் பௌர்ணமி. இரண்டு வருடமாகப் பாற்குடம் எடுத்துக்கொண்டு, சுதர்சனும் நிரோஷாவும் ஜோடியாக நடக்க, அவர்களுக்குப் பின்னால் அவள் தனியாக நடந்தாள். சுதர்சன் பெரிய போட்டில் போனால் இந்திரகுமார் சின்ன போட்டுக்காரன். நிலா வெளிச்சத்தில் அதற்கு வேலை இல்லை. இந்த முறை அவனோடு நடக்கலாம்.

அவள் ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஜீவராணி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் அப்படியே போனது. அவள் கோயிலுக்குக் கட்டும் மஞ்சள் சேலையை எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டாள். சுதர்சன் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அவன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவது அவள் கண்ணில் படத்தான் செய்தது. காற்றுக் குளிராக இருக்கும், வயிறு சரியில்லாமல் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொய் சொல்ல நினைத்துவிட்டால் மனதுக்குக் காரணமா கிடைக்காது.

கிளம்புகிற காலையில் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனபோது, சுதர்சன் அங்கே குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தான். கெஞ்சப் போகிறான் என்று அவள் பயந்தாள். அவன் கெஞ்சவில்லை.

"அண்ணி... திருவிழாவுக்கு அண்ணனோட நல்லபடியா போயிட்டு வாங்க. ரெண்டு வருஷமா நீங்க தனியாத்தானே நடந்தீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

குடம் நிரம்பி வழிந்தது. ஜீவராணி அதை எடுக்கவில்லை. இவ்வளவு நாளும் தன் வேதனை யாருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தாள். தெரிந்த ஒரே ஆளைத்தான் அவள் வாயைத் திறக்காமல் கடலுக்கு அனுப்பப் பார்க்கிறாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வேகமாக லயத்துக்கு வந்தாள். வாசலில் நிரோஷா புருஷனின் பையோடு நின்றிருந்தாள். ஜீவராணி பையைப் பிடித்தாள்.

"குடு. அவரு போகட்டும். தம்பி இருக்கட்டும்."

"என்னக்கா இது..."

"குடுன்னு சொல்றேன்ல."

நிரோஷா பையை விடவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா அத்தை... ரெண்டு நாளா வாய மூடிட்டு இருந்துட்டு, கெளம்புற நேரத்துல பையப் புடுங்குறாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு வாட்டி பெருசா போயிட்டு வந்தா இவங்களுக்குப் பொறுக்கல. பொறாம... அவ்வளவும் பொறாம..."

பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜீவராணி ஒரு வார்த்தையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சுதர்சன் லயத்துக்கு முன்னால் தலை குனிய வேண்டும்.

"ஆமாடி," என்றாள். "பொறாமதான். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் எனக்கு வயிறு எரியுது. ஒன் வீட்டுக்காரர் பேசுற சத்தம் கேட்டா எரியுது. நீ தலைக்குப் பூ வச்சா எரியுது. ஊரே கேட்டுச்சில்ல, போதுமா... இப்ப பைய விடு."

"விடு நிரோஷா."

சுதர்சன் ஈரத் தலையோடு பின்னால் வந்து நின்றான். "எனக்காகத்தான் அவங்க பேச்சு வாங்குறாங்க. பெரிய போட்டு மொதல்ல என்னோடது. நான்தான் பயந்து எறங்குனேன். கர தெரியலன்னா எனக்கு மூச்சு நின்னுரும். அண்ணிகிட்ட அழுதேன். அவங்கதான் அண்ணன அதுல ஏத்திவிட்டாங்க. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனதும் நான்தான்."

கருப்பாயி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஒரே கூரைக்குக் கீழ கெடந்தேன்... எனக்கே தெரியலயே தாயி..." என்று மூத்த மருமகளைப் பார்த்துச் சொன்னாள்.

நிரோஷாவின் கையிலிருந்து பை நழுவியது. அவள் மெதுவாக ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. போயா நாட்கள், வாசலில் உட்கார்ந்த மாலைகள், திருவிழா.

"அனே அக்கா... அப்ப நான் சிரிச்சது எல்லாம் ஒங்க நாளா? இவ்ளோ காலமும் ஒங்க நாளையா நான் எடுத்துக்கிட்டு இருந்தேன்..."

ஜீவராணிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலில் நின்று அழுதார்கள். "நீ எடுக்கலடி... நான்தான் குடுத்தேன். குடுத்துட்டு முழு மனசோட குடுக்கத் தெரியாமப் போச்சு... இந்த ரெண்டு நாளும் நான் சும்மா இருந்தேன் பாரு, அதுக்கு நீதான் என்னய மன்னிக்கணும்..."

இந்திரகுமார் பையைத் தோளில் போட்டுக்கொண்டான். ஜீவராணி பஸ் நிற்கிற வளைவு வரைக்கும் கூடவே நடந்தாள்.

"கோயிலுக்கு..." என்று அவன் தொடங்கினான்.

"நான் போய்க்கிறேன். தண்ணி ஏர்றதுக்குள்ள போய்ச் சேருங்க. காத்துக் கெளம்புனா தூரம் போகவேணாம்னு சொல்லுங்க."

திருவிழா அன்று நிரோஷா புருஷனோடு நடக்கவில்லை. ஜீவராணியோடு, அவள் பாற்குடத்துக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டே நடந்தாள். சுதர்சன் பின்னால் கருப்பாயியைப் பிடித்துக்கொண்டு வந்தான். லயத்தில் யாரோ விளக்குக்காரன் என்று ஏதோ சொல்லவும் செய்தார்கள். நிரோஷா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அதோடு பேச்சு நின்றது.

இரவில் ஜீவராணி மஞ்சள் சேலையை மாற்றிவிட்டுப் பாயில் சாய்ந்தாள். கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக நிலா உள்ளே வந்து தரையில் விழுந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை, தேத்தண்ணீர்க் கோப்பையைக்கூடப் பூனை மாதிரி வைக்கிறார்கள். இரண்டு வருடமாக எந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று நினைத்தாளோ, அது நின்றுவிட்டது. நின்ற பிறகு நெஞ்சு இன்னும் கனத்தது. அங்கே கடலில் அவளுடைய மனிதன் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான், இங்கே இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கா அவனை அனுப்பினாள்?

எழுந்து உட்கார்ந்து சுவரில் தட்டினாள்.

"நிரோஷா."

"என்னக்கா..."

"ஏன் ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி இருக்கீங்க?"

"இல்லக்கா... ஒங்களுக்குக் கேக்குமேன்னு..."

"கேக்கட்டும். அடக்கிச் சிரிச்சாத்தான்டி எனக்கு எரியுது. சிரிக்கிறதுன்னா வாயத் தொறந்து சிரிங்க. அந்தச் சிரிப்புக்கு நான் எம்புருஷனக் குடுத்திருக்கேன்."

சுவருக்கு மேலால் முதலில் ஒரு விசும்பல் வந்தது. பிறகு சுதர்சன் ஏதோ சொன்னான். நிரோஷா அழுதுகொண்டே சிரித்தாள், பிறகு அழுகை போய் வெறும் சிரிப்பாக, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள்.

ஜீவராணி பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள். நாளையிலிருந்து நிலா தேயத் தொடங்கும்.