கொம்பையா அடித்த மஞ்சள்

இதனால் சகலமான பேருக்கும் அறிவிப்பது என்னவென்றால், தென்பாண்டிச் சீமையின் ஒரே வண்ண ஆலோசகரும், ‘நிறமும் நெஞ்சமும்’ என்ற பொருளில் பதினோரு கூட்டங்களில் பேசி பதினோரு பொன்னாடைகள் பெற்றவருமான பெருமாள்புரம் கோபாலசுப்பிரமணியன் அவர்களின் சொந்த வீட்டு ஹால் சுவரில், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றின் பிற்பகல் மூன்று மணிக்கு, ஜன்னல் கம்பியின் நிழல் விழவில்லை.

வெயிலுக்குக் குறைச்சல் இல்லை. மேற்கு ஜன்னல் வழியாக இறங்கி, தரையில் கம்பி கம்பியாகக் கோடு போட்டு, நாற்காலிக் காலைத் தாண்டி, எதிர்ச்சுவரின் அடிவாரம் வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தது. சுவரில் ஏற வேண்டியது அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் மஞ்சள் மட்டும்.

மினுக்கமில்லாத பூச்சு ஒளியை விழுங்கும் என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். ஏழாவது கூட்டத்தில் சொன்ன வாக்கியம் அது. அன்று கைதட்டினார்கள்.

மங்கிய மஞ்சளைப் பற்றி அவரிடம் முக்கால் மணி நேரத்துக்குச் சரக்கு உண்டு. பளிச்சென்ற மஞ்சள் ‘வாங்க’ என்று சொல்லும், மங்கிய மஞ்சள் ‘உட்காருங்க’ என்று சொல்லும் என்பார். இருட்டு ஹாலுக்கு அதை அடித்தால் வெயில் வந்து தங்கினாற்போல இருக்கும். குறுகலான அறை அரை அடி விலகிக் கொடுக்கும். தேக்கு நிலைக்கும் வெள்ளைக் கூரைக்கும் நடுவில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரி. ஆனால் அந்த மஞ்சளை அவரால் ஒருதரம்கூடக் கொண்டுவர முடிந்ததில்லை. கடையில் மிஷின் கலந்து கொடுத்தது ஒன்று பித்தவாந்தி மாதிரி இருந்தது, அல்லது அரசாங்க ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வாளியோடு வந்து இறங்கும் பெயிண்டர் கொம்பையாவுக்கு அது வந்தது. நிற எண் கிடையாது, நிற அட்டை கிடையாது. வாளியில் ஒரு குச்சியைப் போட்டுக் கிண்டுவான், வெந்த பாசிப்பருப்பில் மோர் விட்டாற்போல ஒரு நிறம் எழும்பி வரும். ஊரில் வீடு கட்டுகிறவர்களெல்லாம் ஆலோசகரிடம் ஆலோசனையைக் கேட்டுவிட்டு, கொம்பையாவைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். நாலு நாள் அவர் திசையன்விளைக்கு ஒரு ஜவுளிக்கடைக்கு நிறம் சொல்லப் போயிருந்தபோது, அவருடைய மனைவி வாலாம்பாளே கொம்பையாவைக் கூப்பிட்டுவிட்டாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அவள் ஹாலின் நடுவில் நாற்காலி போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“நன்னா இருக்கு. நீங்களும் செத்த ஒக்காருங்கோ.”

முப்பத்தொரு வருஷத்தில் அவர் தேர்ந்தெடுத்த எந்த நிறத்துக்கும் அவள் ‘பரவால்லை’க்கு மேல் போனதில்லை.

வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த கொம்பையா மட்டும் ஒன்று சொன்னான். “ஐயா, ஒரு மண்டலம் சுவத்துல கை வைக்காதீய. இன்னும் உள்ள காயலை. அம்மாட்டயும் சொல்லிருக்கேன்.”

சுவர் காய்வதற்கு நாற்பத்தெட்டு நாளா என்று இவர் சிரித்தார். வர்ணம் பூசுவதில் விஞ்ஞானம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டார். கொம்பையா வாலாம்பாளை ஒருமுறை பார்த்தான். “அது காயுத காலத்துல காயும்யா. நான் வாரேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. காப்பியில் சர்க்கரை கூடினால் யார் குற்றம் என்று அரைமணி நேரம் வாதாடக்கூடியவள், கேட்டதற்கெல்லாம் ‘சரி’ என்றாள். சமையலை முடித்துவிட்டு நாற்காலிக்கு வந்துவிடுவாள். மத்தியானம் முழுக்க, வீதியில் பழைய பேப்பர்க்காரனின் கூவலும் பக்கத்து வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றும் உறுமலும் அடங்கிய பிறகு, ஹாலில் ஈரமான ஒரு சின்னச் சத்தம், யாரோ ஒட்டிக்கொண்ட உதட்டைப் பிரிப்பது போல, விட்டு விட்டுக் கேட்டது. பச்சை மஞ்சள் கிழங்கை ஒடித்த வாசனை அடித்தது. அதற்கு அடியில், காய்ச்சல்காரனின் போர்வை வாசனை. கூரையிலிருந்து இறங்கிய பல்லி ஒன்று மஞ்சளின் விளிம்புக்கு வந்து, முன்காலை வைத்துப் பார்த்து, எடுத்துக்கொண்டு, வந்த வழியே போனதை அவர் கண்ணால் பார்த்தார்.

பயப்பட வேண்டிய மனுஷன் பொறாமைப்பட்டார். அவள் அந்தச் சுவரைப் பார்த்த பார்வையில் பத்தில் ஒரு பங்கைக் கல்யாண மேடையில்கூட இவருக்குக் கொடுத்ததில்லை.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை, நிழல் விழாததைப் பார்த்து முடித்த கையோடு, அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சுவரில் ரூபாய் அளவுக்கு ஒரு சில்லு பெயர்த்துக் கடைக்குக் கொண்டுபோனால், மிஷின் அதை வெளிச்சம் போட்டுப் படித்து நிற எண்ணைத் துப்பிவிடும். தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். எண் கைக்கு வந்துவிட்டால் கொம்பையாவின் வித்தை அவருடையது. அடுத்த கூட்டத்தில் அதற்குப் பெயர்கூட வைக்கலாம். வாலாம்பாள் யாரைப் பார்த்து ‘நன்னா இருக்கு’ என்கிறாள் பார்க்கலாம்.

அவள் அடுப்படியில் இருந்தாள். பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. அவர் பட்டி பார்க்கும் தகட்டை எடுத்துக்கொண்டு, சுவரோரமாக, கண்ணில் படாத உயரத்தில் குந்தி உட்கார்ந்தார். தகட்டை வைத்து இழுத்தார்.

காய்ந்த சுவர் சரசரக்கும், பொடி உதிரும். இது சரசரக்கவில்லை. முற்றாத பூசணித் தோல் போல வழுக்கிக்கொண்டு வந்தது.

அடுப்படியில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம்.

சூடான பாத்திரத்தைத் தொட்டிருப்பாள் என்று நினைத்தார். மறுபடி இழுத்தார்.

‘ஸ்ஸ்.’

பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றிருந்தது. குழாயை மூடும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

அவர் தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கடிகாரம் ஓடியது. அடுப்படியில் மூச்சு ஓடுவது கேட்டது. சுவரிலும் ஓடுவது போலிருந்தது. தகட்டை மெல்லச் சுவரில் வைத்தார். சத்தம் இல்லை. நூலளவு இழுத்தார்.

‘ஸ்ஸ்.’

நிறுத்தியிருக்கலாம். சில்லு கால் ரூபாய் அளவுதான் வந்திருந்தது. அது மிஷினுக்குப் போதாது.

இன்னும் ஒரே ஒரு இழுப்பு.

இழுத்தார்.

சத்தம் வரவில்லை. வளையல் வந்தது. ஹாலைப் பார்த்து, பைய, பைய. பக்கத்தில் வந்து நின்றது. அவர் நிமிரவில்லை. ஈரப் புடவை நுனி தரையில் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று.

“பைய சுரண்டுங்கோ” என்றாள் வாலாம்பாள். குரலில் கோபம் இல்லை. இந்த ஒரு வாரமாக இருக்கிற அதே சாந்தம். “இன்னும் உள்ள காயலைன்னு கொம்பையா சொன்னானோல்லியோ.”

இடது கையை நீட்டினாள். வளையலை முழங்கை வரை ஏற்றி விட்டிருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்து, ஒரு ஓரத்தில் சுருண்டு தொங்கியது. ரத்தம் இல்லை. சதை இல்லை. வெந்த பாசிப்பருப்பில் மோர் விட்ட நிறம் மட்டும், வெயில் படப்பட ஆழமாகிக்கொண்டே, எலும்பு இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதன் அடியில் எதுவோ சுகமாக மூச்சு விட்டது.

வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவளுடைய கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து, நெடுநேரம் பார்த்தார். எங்கேயும் திட்டு இல்லை, வழிசல் இல்லை.

வேலை சுத்தமாகத்தான் இருந்தது.