வெளியே வரும் குழாய்

உள்ளே போகும் குழாய் கையைச் சுட்டது. வெளியே வரும் குழாய் சில்லென்று இருந்தது. அன்பரசன் விரல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. திறந்த பானெட்டுக்குள் தெறித்த தூறல் இன்ஜின் மேல் பட்டதும் ஆவியாகிப் போனது. அந்த ஒரு குழாய் மட்டும் ஈரத்துணி சுற்றிய மண்பானை போலக் குளிர்ந்திருந்தது.

"அடைப்பா இருக்கும்," என்றான் காசி. செங்கம் சாலையில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன். அன்பரசனுடன் ஒன்றாகப் படித்தவன், அதனால் வேலைக்கு அவன் வீட்டுக்கே வந்திருந்தான். "ஊர்ல எல்லாரும் ஏசி வெச்சுக் குடுன்னு வராங்க. ஹீட்டர் கேக்கறவன் நீ ஒருத்தன்தான்டா." சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியவனாகக் குனிந்து கிளாம்ப்பைத் திருகினான்.

ஊட்டியில் ஓடிய பழைய கார் அது. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிச் செல்ல அன்பரசன் வாங்கியபோதே அதில் ஹீட்டர் இருந்தது. எளிமையான ஏற்பாடுதான். இன்ஜினைச் சுற்றிவரும் வெந்நீரில் கொஞ்சம், குழாய் வழியாக டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குள் போகும். பின்னால் ஒரு விசிறி. அது தள்ளும் காற்று, ரேடியேட்டரின் சூட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் காலுக்கு வரும். சூட்டைக் கொடுத்துவிட்ட தண்ணீர் இன்ஜினுக்கே திரும்பும்.

ஆனால் தண்ணீர் முதலில் சூடாக வேண்டும். அதற்காக இன்ஜினில் ஒரு வால்வு உண்டு. தண்ணீர் போதிய அளவு சூடாகும்வரை அதைப் பெரிய ரேடியேட்டருக்குப் போகவிடாது. இந்த ஊரில் வண்டி வாங்கியதும் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். பௌர்ணமிக் கூட்டத்துக்குள் கிரிவலப் பாதையில் ஆமை போல ஊர்ந்தால் இன்ஜின் கொதித்துவிடும். வால்வு இல்லாவிட்டால் கொதிக்காது. வெயில் ஊரில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? அன்பரசனும் கழற்றினான். காசிதான் கழற்றிக் கொடுத்தான்.

போன மார்கழியில், பிரசவமான சில நாட்களிலேயே வேதாவுக்கு ஜன்னி கண்டது. பிறந்த குழந்தையைத் தங்கை எழிலரசியிடம் விட்டுவிட்டு, மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்து வேலூருக்கு ஓட்டினான். வழியெல்லாம் அவள் பல் தந்தியடித்தது. ஹீட்டரை முழுதாகத் திருப்பினான். குளிர்ந்த காற்றுதான் வந்தது.

"ஓவியாவ எடுத்துட்டு வந்திருக்கலாம்ங்க," என்றாள் போளூர் தாண்டும்போது. "மார்ல போட்டுக்குனா சூடா இருக்கும்."

கண்ணமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது திறந்தபோது அவள் பல் தந்தியடிப்பது நின்றிருந்தது.

ஹீட்டர் வேலை செய்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். அன்பரசன் தலையாட்டினான். நம்பவில்லை. இப்போது ஓவியாவுக்கு இளைப்பு. குளிர்காற்று படவே கூடாது. அந்த வண்டியில் குழந்தையை ஏற்றமாட்டேன் என்று எழிலரசி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். பனி இறங்குவதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

காலையிலேயே காசி புது வால்வு போட்டுவிட்டான். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் அழகாக நடுவில் வந்து நின்றது. இன்ஜினில் சூடு இருக்கிறது. பிறகு வண்டியின் முன்பக்கத்தைப் பலகை மேல் ஏற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஓடவிட்டார்கள். குழாய்க்குள் காற்று சிக்கியிருந்தால் குமிழியாக வெளியேறிவிடும். வெளியேறியது. பிறகு இரண்டு குழாய்களையும் கழற்றி, ஒரு பக்கம் பைப் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். மறுபக்கம் கண்ணாடி போலத் தெளிவாக, குறையாத வேகத்தில் கொட்டியது.

"அடைப்பே இல்ல," என்றான் காசி. மீண்டும் பூட்டினான். மீண்டும் ஓடவிட்டான். குழாயைத் தொட்டவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகும் துடைத்தான்.

"ஃபேன நிறுத்து."

"நிறுத்திதான் இருக்கு."

காசி சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பினான்.

அன்பரசனுக்குப் புரிந்தது. சூடு மறைந்து போகாது; இடம்தான் மாறும். எது குளிர்ந்திருக்கிறதோ அதைத் தேடிப் போகும். விசிறி சுற்றினால் காற்று வாங்கிக்கொள்ளும். விசிறியும் சுற்றவில்லை, அடைப்பும் இல்லை என்றால், உள்ளே போன சூட்டோடுதான் தண்ணீர் வெளியே வர வேண்டும். வரவில்லை. அப்படியானால் உள்ளே ஏதோ ஒன்று அதை வாங்கிக்கொள்கிறது.

கரண்ட் போனது. மழை வலுத்தது. மலை உச்சியில் கார்த்திகை தீபம் மேகத்துக்குள் மங்கலாகத் தெரிந்தது, மறைந்தது. தகரக் கூரையில் மழை. அதற்குக் கீழே இன்ஜினின் சீரான உறுமல். அதற்கும் கீழே, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து, தந்தியடிப்பது போல மெல்லிய ஒரு கடகடப்பு. உள்ளே ஏறி உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டான். தளர்ந்த திருகாணி என்று நினைக்கப் பார்த்தான். சூடான ரப்பர் வாசனை. அதோடு புளித்த பால் வாசனை. இடப்பக்கச் சீட்டில் கை வைத்தான். ரெக்சின் குளிர்ந்திருந்தது, ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு மட்டும்.

முள் இறங்கத் தொடங்கியது.

"வேதா," என்றான்.

கடகடப்பு நின்றது.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். உடம்பு தூக்கிப் போட்டது. அடுத்த வீட்டு இராமலிங்கம், குடையோடு. அவர் கடைக்கு எழிலரசி போன் செய்திருக்கிறாள். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதாம், உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். வேறு வண்டிக்கு அவரே சொல்லிப் பார்த்துவிட்டார். தீபக் கூட்டத்துக்கு எல்லாம் போய்விட்டன.

இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அன்பரசன் பானெட்டைச் சாத்தி, வீட்டில் இருந்த கம்பளியை எல்லாம் அள்ளிப் பின்சீட்டில் போட்டு, ஹீட்டர் விசிறியை முடுக்கிவிட்டுக் கிளம்பினான். எழிலரசி வீடு இருக்கும் அடி அண்ணாமலை வரைக்கும் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் விறைத்தது. முள் அடியிலேயே கிடந்தது.

எழிலரசி தயாராக வாசலில் நின்றாள். துண்டில் சுற்றிய குழந்தை தோளில் விசில் போல மூச்சுவிட்டது.

"பின்னால உக்காரும்மா," என்றான். "முன்னால வேணாம்."

"சரிண்ணா." மழையில் அவளுக்கு முதல் பாதிதான் கேட்டது. பின்கதவை இழுத்தாள்; திறக்கவில்லை, அது எப்போதும் உள்ளிருந்துதான் திறக்கும். அன்பரசன் திரும்பி, சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டிப் பின்கதவின் கொண்டியைத் தேடினான். அதற்குள் அவள் முன்கதவைத் திறந்து, குழந்தையைச் சீட்டில் கிடத்தி, நனையாமல் கதவைச் சாத்தினாள். "வூட்ட பூட்டினு வந்துடறேன்ணா," என்று ஓடினாள்.

கொண்டி கையில் சிக்கியது. அப்போது அவன் காலில் பட்டது.

சூடு.

நல்ல சூடு. பாதத்திலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து மார்புக்கு ஏறியது. கண்ணாடியில் படிந்திருந்த ஈரம் கீழிருந்து விலகியது. முள் எழுந்து நடுவில் நின்றது. ஒரு வருடமாகக் காத்திருந்த காற்று. அன்பரசனுக்குக் கண் நிறைந்தது. வந்துவிட்டது. இனி குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

பிறகுதான், அது ஏன் வந்தது என்று யோசித்தான்.

விசில் சத்தம் கேட்கவில்லை.

திரும்பினான். ஓவியா சீட்டில் கிடக்கவில்லை. சீட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில், துண்டு தொங்க, பக்கவாட்டில் சாய்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. முகம் காலி இடத்தில் அழுந்தியிருந்தது. உதடுகள் குவிந்து, விரிந்து, குவிந்து, எதையோ சப்பிக்கொண்டிருந்தன. அந்தச் சூட்டில் அவள் மூச்சு மட்டும் வெண்புகையாக வந்தது. கொஞ்சமாக. இன்னும் கொஞ்சமாக.

காலையிலிருந்து குழாயைத் தொட்டுப் பழகிய விரல்களால், துண்டுக்கு வெளியே தெரிந்த சின்னப் பாதத்தைத் தொட்டான்.

சில்லென்று இருந்தது.