மணிக்கூண்டைத் திருப்பியது யார்?

மத்தியானமே வேலையிலிருந்து திரும்பிவந்த மருமகள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்ததும் மச்சானுக்கு உள்ளுக்குள் குஷி. ஏதோ வழக்கு வந்துவிட்டது. அவருடைய அக்கா புருஷன், மருமகள் மாமா என்று கூப்பிடுபவர், காவல்துறையில் துப்பறிந்து ஓய்வுபெற்றவர். இன்ஷூரன்ஸ் முகவரான மச்சான் அவருக்கு உதவியாளர். அந்தப் பதவியைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டு ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கி வைத்திருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள என் மேல தப்பில்லைன்னு நிரூபிக்கணுமாம், மாமா. இல்லேன்னா வேலை போச்சு" என்றாள் மருமகள்.

இணையப் பத்திரிகை ஒன்றில் படங்களைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவது அவள் வேலை. காலையில் ஊரின் பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. எழுதியவர் மரபுச் சின்னங்கள் பாதுகாப்புக் கழகத் தலைவர். பட்டங்களோடு சேர்த்து அவர் பெயரைப் போட்டால் கட்டுரைக்கு இடம் இருக்காது. மணிக்கூண்டின் முன்னால் தாம் நிற்கும் படம்தான் முதலில் வரவேண்டும் என்பது அவர் கட்டளை. வந்தது. வம்பும் வந்தது.

மணிக்கூண்டின் கடிகாரம் ஒன்பது பத்தில் நின்றுபோய்ப் பல வருஷமாகிறது. எண்கள் இல்லாத, வெறும் கோடு போட்ட முகம். தலைவர் படத்திலோ மூன்று மணியாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அதற்குக் கீழேயே புகைப்படக்காரர் எடுத்த மணிக்கூண்டுப் படத்தில் வழக்கமான ஒன்பது பத்து. 'ஓடாத கடிகாரத்தைத் தலைவர் முறைத்தே ஓட வைத்துவிட்டார்' என்று வாசகர்கள் கும்மியடித்தார்கள். தலைவர் ஆசிரியரைப் பிடித்தார். ஆசிரியர் மருமகளைப் பிடித்தார்.

"நீ கவனிக்கலையாம்மா?" என்று கேட்டார் மாமா.

"முக்கால்வாசிப் படம் அவர் முகம்தான் மாமா. அதைத் தாண்டிக் கண்ணு போகவே இல்லை."

மாமா படத்தை நிதானமாகப் பார்த்தார். "படம் இடவலமா திரும்பியிருக்கு. ஒன்பது பத்தைக் கண்ணாடியில பார்த்தா இப்படித்தான் தெரியும். யார் யார் கைக்குப் போச்சு?"

"புகைப்படக்காரர் தலைவர்கிட்ட நேராத்தான் குடுத்திருக்கார், அவர் கேமராவுலேயே இருக்கு. தலைவர் பென் டிரைவுல எடுத்துட்டு வந்தார். காப்பி பண்ணினதும் பாக்கெட்ல போட்டுட்டுப் போயிட்டார். அப்புறம் நானும் வடிவமைப்பாளரும். தலைவர், வந்த படத்தை அப்படியே குடுத்தேன்னு சாதிக்கிறார்."

"வடிவமைப்பாளர்தான் அத்தான்!" மச்சான் துள்ளினார். "படத்துல இருக்கிற ஆள் எழுத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போடுறது அவங்க வழக்கம். நான் கேள்விப்பட்டிருக்கேன்."

"அது அச்சுல, மாப்பிள்ளை. இங்கே படம் திரை முழுக்க நிக்குது, பக்கத்துல எழுத்தே இல்லை. அதுவுமில்லாம இவர் நேரா நம்மளைத்தான் முறைக்கிறார். வடிவமைப்பாளருக்கு இதுல என்ன லாபம்?"

பூதக்கண்ணாடி பைக்குள் போனது.

சாயங்காலம் பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். மாமா மேஜைமேல் தலைவரின் முகம் மட்டும் தெரியும்படி வெட்டிய இரண்டு படங்களை வைத்தார். ஒன்று கேமராவில் இருந்தபடி, மற்றது திரும்பியது. கட்டடம் இரண்டிலும் இல்லை.

"ஒரு சின்ன உதவி. இதுல எது தலைவர் மாதிரி இருக்கு?"

ஆசிரியர் இடப்பக்கப் படத்தைத் தொட்டார். வடிவமைப்பாளரும் அதையே. மருமகளும் அதையே. மச்சானும், யோசிக்காமல்.

"உங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று தலைவர் சீறினார். "இதோ, இந்த வலப்பக்கம் இருக்கிறதுதான் நான். அது யாரோ என் ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி வாயைக் கோணிக்கிட்டு நிக்கிறான்!"

"ஐயா, உங்க முகத்தை நாங்க எல்லாரும் எதிர்ல நின்னு பார்க்கிறோம். திருப்பிப் போட்ட முகத்தைப் பார்த்துப் பழகினவர் உலகத்துலேயே ஒருத்தர்தான். தினமும் கண்ணாடி முன்னால சவரம் பண்றவர். நேரான படம் கோணலா தெரிஞ்சு, அதைத் திருத்தணும்னு வேற யாருக்குத் தோணும்?"

ஆசிரியர் மேஜையைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். கழகத்தின் கம்பீரமெல்லாம் மெல்ல இறங்கி, கடைசியில் நாற்காலியில் ஒரு வயசான மனுஷர் மட்டும் மிஞ்சினார்.

"முகத்தைத்தான் திருப்பினேன். கட்டடமும் கூடவே வரும்னு தோணலை" என்றார். "ஊரே சிரிச்சப்புறம் சொல்ல வெட்கமாப் போச்சு. பழி உன் தலையில விழும்னு யோசிக்காம இருந்துட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

ஆசிரியர் ஏதோ மன்னிப்புபோல ஒன்றை முணுமுணுத்து, வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை என்றார்.

"இப்போ அந்த இடத்துல என்ன படம் போடறது? அந்தக் கோணவாயை மட்டும் போட்டுடாதே தாயே" என்றார் தலைவர்.

மருமகள் புகைப்படக்காரர் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றில் நிறுத்தினாள். மணிக்கூண்டின் அடியில் ஒருவர் தம்மை மறந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். முதுகு மட்டும்தான் தெரிகிறது.

"யாரிது?"

"நீங்கதான் சார். உங்களுக்குத் தெரியாம எடுத்திருக்கார்."

தலைவர் வெகுநேரம் பார்த்தார். தம் முதுகை அவர் எந்தக் கண்ணாடியிலும் பார்த்ததில்லை. "கட்டடம் நல்லா வந்திருக்கு" என்றார் கடைசியில். அந்தக் கட்டுரையில்கூட அவர் சொல்லாமல் விட்ட விஷயம் அது. "முதல்ல போடலாமா?"

"மூணாவதா, சார். முதல்ல மணிக்கூண்டு மட்டும்."

ஆசிரியர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"நீ சொன்னா சரி" என்றார் தலைவர்.