மூடாத வாளிகள்

முதலில் குளியலறையில்தான் கேட்டது அந்தப் பிராண்டல். பிளாஸ்டிக் மேல் ஒரு சின்ன நகம் ஏறி, வழுக்கி, மறுபடியும் ஏறுகிற சத்தம். போய்ப் பார்த்தான். வாளியில் தண்ணீர் இல்லை. அடியில் ஒரு கைப்பிடி மணல்.

பாலைவனத்தில் புதைத்துவிட்டு வந்த வாளிகள் அவன் நினைவுக்கு வந்தன. நெடுஞ்சாலை போடுமுன் பாலைவனத்தில் என்னென்ன உயிர்கள் மிஞ்சியிருக்கின்றன என்று கணக்கெடுப்பதுதான் அவன் வேலை. விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி வாளிகளைப் புதைப்பார்கள். ராத்திரி உலாவுகிற பல்லியும் எலியும் முள்ளெலியும் உள்ளே விழும். காலையில் பார்த்துவிட்டு வெளியே விட வேண்டும். வேலையை நிறுத்தினால் மூடி போட்டே தீர வேண்டும். இவனோ லீவு கிடைத்த குஷியில், அந்த வெயிலில் யார் நடப்பது என்று அப்படியே வண்டியேறிவிட்டான். கேட்ட அதிகாரியிடம் மூடியாச்சு என்று கூசாமல் சொன்னான்.

மனைவியிடமும் அதே பொய். அவளோ, வாயில்லா ஜீவன்களுக்காக இந்த மனுஷன் என்ன பாடுபடுகிறார் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவன் கூனிக் குறுகிப்போனான். சுவருக்குள்ளும் பிராண்டல். கட்டிலுக்கு அடியிலும். குளியலறைக் கதவை வெளியே தாழிட்டுவிட்டு, அவசர வேலை என்று சொல்லிக் கிளம்பினான்.

வெயில் தாழும்போது பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தான். முதல் வாளிக்குள் எட்டிப் பார்க்கவே முகமில்லை. பார்த்தான். காலி. அடுத்ததும் காலி. செத்த பூச்சிகூட இல்லை. உள்ளே, அடியிலிருந்து விளிம்புவரை நகக்கீறல்கள். வெளியே மணலில் சின்னச் சின்னக் காலடித் தடங்கள். எல்லாம் ஒரே பக்கமாக. அவன் வீடு இருக்கும் பக்கம்.

போன் அடித்தது. மனைவி.

"எப்பங்க வந்தீங்க? கூப்பிட்டா பதிலே இல்ல, அதான் போன் பண்றேன். பாத்ரூம் கதவை ஏன் இப்படிப் பிராண்டுறீங்க? நீங்க உள்ள இருக்கிறது தெரியாம நான்தான் தாழ் போட்டுட்டேன் போல. இருங்க, தாழ்ப்பாளை எடுக்கறேன்."

திறக்காதே. அந்த ஒரு சொல் போதும். ஏன் என்று கேட்பாளே. சொல்லிவிட்டு எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது? போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

போனில் அவள் வளையல் குலுங்கியது. தாழ்ப்பாள் விலகியது.

மணல் சரிகிற ஓசை. அப்புறம் போனில் ஒன்றுமில்லை.

அவன் காலடியில் இருந்த வாளிக்குள் பிராண்டல் தொடங்கியது. நகம் ஏறியது. வழுக்கியது. மறுபடியும் ஏறியது.

கூடவே வளையல் சத்தம்.